புதுச்சேரி வேளாண் வழங்கல் சங்கிலியில் வழங்குநர் தெரிவு

வழங்குநர் தெரிவு என்பது ஒரு நிறுவனமோ கடையோ சமையற்கூடமோ தனக்குத் தேவையான பொருளை யாரிடமிருந்து, எவ்வளவு, எந்த நிபந்தனையில் வாங்குவது என்று முடிவு செய்யும் செயல்முறை ஆகும். வேளாண் பொருள்களில் இம்முடிவு விலையோடும் தரத்தோடும் நின்றுவிடுவதில்லை. விளைச்சல் மழையையும் மண்ணையும் நிலத்தடி நீரையும் சார்ந்தது. காய்கறியும் பாலும் விரைவில் கெடுபவை. விற்பவர்களில் பெரும்பாலோர் சிறு, குறு உழவர்கள். எனவே வழங்குநரின் பேண்தகு தன்மையும் மீள்திறனும் இன்று தனி அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. உணவுக்குப் பெரிதும் வெளியிடங்களை நம்பியிருக்கும் கடலோர நகரமான புதுச்சேரி இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

அடிப்படைக் கருத்துகள்

பேண்தகு வழங்குநர் என்பவர் இன்று தரும் விளைபொருளை, நீரையும் மண்ணையும் உழைப்பவரையும் சீரழிக்காமல், பல ஆண்டுகள் கழித்தும் தரக்கூடியவர். இதில் சுற்றுச்சூழல், சமூகம், பொருளாதாரம் ஆகிய மூன்றும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. இம்மூன்றையும் ஒரே கணக்கில் வைக்கும் கருத்தை ஜான் எல்கிங்டன் 1994-இல் முன்வைத்தார்.

மீள்திறன் என்பது புயல், வறட்சி, நோய்ப்பரவல், போக்குவரத்துத் தடை போன்ற அதிர்ச்சியைத் தாங்கி, விரைவில் பழைய நிலைக்குத் திரும்பும் ஆற்றல் ஆகும்.

இவ்விரண்டும் ஒன்றல்ல. இயற்கை வேளாண்மை செய்யும் சிறு பண்ணை பேண்தகு தன்மையில் சிறந்திருந்தாலும், ஒரே வெள்ளத்தில் பருவம் முழுவதையும் இழக்கலாம். பல மாநிலங்களிலிருந்து சரக்கு வரவழைக்கும் பெருவணிகர் தடைகளைச் சமாளிக்க முடிந்தாலும், அவரிடம் உள்ள காய் எந்த நிலத்தில், எந்த நீரில் விளைந்தது என்று சொல்ல முடியாமல் போகலாம்.

புதுச்சேரியின் பின்னணி

பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்த புதுச்சேரிப் பகுதி ஒரே நிலத்துண்டு அன்று. அதன் கொம்யூன்கள் தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கின்றன. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகியவை வேளாண்மை மிகுந்தவை. பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படுகிறது. நெல், கரும்பு, மணிலா, மரவள்ளி, காய்கறிகள் இப்பகுதியில் விளைகின்றன.

ஆனால் நகரின் தேவைக்கு இவை போதா. பெரிய மார்க்கெட் என்று மக்கள் அழைக்கும் குபேர் அங்காடிக்குக் கத்தரி, வெண்டை, கீரை போன்றவை சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்தாலும், கேரட், முட்டைக்கோசு போன்ற மலைக்காய்கறிகளும் பெரிய வெங்காயமும் தக்காளியில் பெரும்பகுதியும் வெளியிலிருந்தே வருகின்றன. புதுச்சேரி கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியமான பாண்லே கிராமச் சங்கங்கள் வழியாகப் பால் கொள்முதல் செய்வதுடன், பற்றாக்குறைக்கு வெளிமாநிலப் பாலையும் வாங்குகிறது.

அதிர்ச்சிகள் காட்டிய பாடங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரி மரங்கள் பெருமளவில் வேரோடு சாய்ந்தன. நெல்லோ காய்கறியோ அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் பயிரிடலாம். மரப்பயிர் மீண்டும் காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மீட்சிக்காலம் பயிருக்குப் பயிர் மாறுபடும் என்பதை இது காட்டியது.

2020 மே மாதத்தில் நேர்ந்த அதிர்ச்சி வேறு வகையானது. சென்னைக் கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியதால் அச்சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த விற்பனை திருமழிசைக்கு மாற்றப்பட்டது. வயலில் விளைச்சல் இருந்தது, வாங்குவோரும் இருந்தனர், நடுவில் இருந்த ஒற்றை முனை அடைபட்டது. வழங்குநர்கள் பலராக இருந்தாலும், அவர்கள் அனைவரும் ஒரே சந்தை வழியாகச் சரக்கெடுத்தால், அந்தப் பன்மை வெறும் தோற்றமே.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோது, நகரில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணையாற்று வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களையும் சூழ்ந்தது. வாங்குபவரின் கிடங்கும் விற்பவரின் வயலும் ஒரே புயலில் மூழ்கும் நிலை இது. தொலைவிலிருந்து வாங்குவது போக்குவரத்துத் தடைக்கு இடம் தருகிறது என்றால், அருகிலிருந்து மட்டும் வாங்குவது உள்ளூர்ப் பேரிடருக்கு இடம் தருகிறது.

தெரிவுக்கான அளவுகோல்கள்

வழங்குநர் தெரிவு குறித்த ஆய்வுகளில் கேரி டிக்சன் 1966-இல் வெளியிட்ட ஆய்வு முன்னோடியானது. அவர் 23 அளவுகோல்களைப் பட்டியலிட்டார். தரமும் குறித்த நேரத்தில் ஒப்படைத்தலும் அவற்றில் முதலிடங்களைப் பெற்றன. வேளாண் வழங்கலுக்கு அவற்றுடன் பின்வருவனவும் சேர்க்கப்படுகின்றன.

நீர்: ஏரி, வாய்க்கால் பாசனமா, ஆழ்துளைக் கிணறா என்பது முதல் கேள்வி. புதுச்சேரிக் கடலோரத்தில் நிலத்தடி நீரை மிகுதியாக எடுப்பதால் உவர்நீர் உட்புகும் சிக்கல் உள்ளது. தென்பெண்ணையாற்றின் நீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவரும் பங்காரு வாய்க்கால் போன்ற பழைய அமைப்புகள் தூர்வாரப்பட்டுச் செயல்படுவது வழங்குநரின் எதிர்காலத்தையும் தீர்மானிக்கிறது.

மண்ணும் இடுபொருளும்: பூச்சிக்கொல்லிப் பயன்பாடு, பயிர்ச் சுழற்சி, தொழு உரம் ஆகியவை கவனிக்கப்படும். இயற்கை விளைபொருளுக்கு இந்தியாவில் மூன்றாம் தரப்புச் சான்றிதழும், உழவர்கள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையும் நடைமுறையில் உள்ளன. தனியாகச் சான்றிதழ்ச் செலவைத் தாங்க முடியாத சிறு உழவருக்கு இரண்டாவது முறை ஏற்றது.

உழைப்பு: நியாயமான கூலி, பெண் தொழிலாளருக்குச் சமக் கூலி, குழந்தை உழைப்பு இல்லாமை.

தடமறிதல்: சரக்கு எந்தக் கிராமத்திலிருந்து, எந்த நாளில் அறுவடையானது என்று சொல்லக்கூடிய பதிவேடு.

மீள்திறன்: பயிர்ப் பன்மை, மேட்டுநிலச் சேமிப்பு, மாற்றுப் பாதை, பயிர்க் காப்பீடு, ஒரு வயல் அழிந்தால் குழுவின் மற்றொரு வயலிலிருந்து தரும் வசதி.

மதிப்பிடும் முறை

எளிய முறை எடையிட்ட மதிப்பெண் முறை. ஒவ்வோர் அளவுகோலுக்கும் முக்கியத்துவத்துக்கேற்ப எடை தந்து, வழங்குநருக்கு 10-க்கு மதிப்பெண் இட்டு, பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரு விடுதிச் சமையற்கூடத்தின் கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். எடைகள்: தரம் 25, விலை 25, ஒப்படைப்பு 15, பேண்தகு தன்மை 20, மீள்திறன் 15 விழுக்காடு.

மொத்த வணிகருக்கு இதே வரிசையில் 7, 8, 8, 4, 5 மதிப்பெண்கள் எனில், கூட்டுத்தொகை 6.50. உள்ளூர் உழவர் குழுவுக்கு 8, 6, 6, 8, 5 எனில், கூட்டுத்தொகை 6.75. குழு முந்துகிறது. ஆனால் விலையின் எடையை 40 ஆக உயர்த்தி, பேண்தகு தன்மை, மீள்திறன் இரண்டையும் 10, 10 ஆகக் குறைத்தால், வணிகர் 7.05, குழு 6.60 என்று முடிவு தலைகீழாகிறது. மதிப்பெண்கள் மாறவில்லை, எடை மட்டுமே மாறியது. ஆகவே எடையை வழங்குநர் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைப்பது முறையாகும்.

எடைகளை ஒழுங்காகக் கணக்கிடத் தாமஸ் சாட்டி உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறை பயன்படுகிறது. இது அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிடுகிறது. 1981-இல் ஹுவாங், யூன் ஆகியோர் முன்வைத்த டாப்சிஸ் முறை, சிறந்த கற்பனை வழங்குநருக்கு யார் நெருக்கமானவர் என்று பார்க்கிறது. 'நல்லது', 'சுமார்' போன்ற சொற்களால் மட்டுமே சொல்லக்கூடிய மதிப்பீடுகளுக்கு லோட்ஃபி சாடே 1965-இல் அறிமுகப்படுத்திய மங்கல் கணக் கோட்பாடு துணைசெய்கிறது.

ஒருவரையா, பலரையா?

மதிப்பெண்ணில் முதலிடம் பெற்றவரிடமே முழுத் தேவையையும் வாங்குவது மீள்திறனைக் குறைக்கும். மேற்கண்ட விடுதி, கீரை, கத்தரி, வெண்டை ஆகியவற்றை உழவர் குழுவிடமும், வெங்காயம், மலைக்காய்கறிகளை வணிகரிடமும் வாங்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஒரே ஆற்றுப்படுகையைச் சேராத மற்றொரு வழங்குநரையும் தயாராக வைத்திருக்கலாம். வழங்குநரின் எண்ணிக்கையைவிட, அவர்கள் ஒரே நேரத்தில் பாதிக்கப்படுவார்களா என்பதே முக்கியம்.

புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் உள்ள ஃபுட்லிங்க் என்ற அமைப்பு, பல பண்ணைகளின் விளைபொருளை ஓரிடத்தில் சேர்த்துச் சமையற்கூடங்களுக்கும் கடைகளுக்கும் பகிர்கிறது. சிறு பண்ணைகள் தனித்தனியே தர முடியாத அளவையும் பன்மையையும் இத்தகைய தொகுப்பு மையம் தருகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இதே பணியைச் செய்யக்கூடியவை.

வாங்குபவரின் பொறுப்பு

சார்பு இருவழிப்பட்டது. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்காமல் நின்றபின், அதை நம்பிக் கரும்பு பயிரிட்ட புதுச்சேரி உழவர்கள் தமிழ்நாட்டு ஆலைகளை நாட வேண்டியதாயிற்று. ஒற்றை வழங்குநரை நம்பும் வணிகருக்கு உள்ள இடரே ஒற்றைக் கொள்முதலாளரை நம்பும் உழவருக்கும் உண்டு.

எனவே வழங்குநரிடம் கேட்கப்படும் ஒவ்வொரு தகுதிக்கும் ஈடாக வாங்குபவர் தரவேண்டியதும் உள்ளது: உரிய நாளில் பணம், பருவத்துக்கு முன்பே தேவையின் அளவு, அளவில் சிறிய காயை நிராகரிக்காத தர விதி, பேரிடருக்குப் பின் உறவைத் துண்டிக்காமல் மீளும்வரை காத்திருத்தல். வெள்ளத்தில் பயிரிழந்த உழவரைப் பட்டியலிலிருந்து நீக்கினால், அவர் அடுத்த பருவத்தில் நிலத்தைத் தரிசாக விடவோ மனையாக விற்கவோ கூடும். அந்நிலையில் நகரம் இழப்பது ஒரு வழங்குநரை மட்டுமன்று, அருகிலிருந்த ஒரு விளைநிலத்தையும்தான்.