பிடரியில் அறையும் காற்று

ஹைதராபாதில் மெஹதிப்பட்டினத்திலிருந்து ஆராம்கர் வரை 11.6 கி.மீ. ஓடுகிறது பி.வி. நரசிம்மராவ் மேம்பாலம். 2009-ல் திறக்கப்பட்டது. கூரையை மடக்கிய காரில் இதில் வேகமெடுத்தால், காற்று முகத்தில் அல்ல, பிடரியில் அறையும். முன்கண்ணாடியைத் தாண்டிப் பறக்கும் காற்று, அழுத்தம் குறைந்த காருக்குள் பின்பக்கமாகச் சுழன்று இறங்குவதுதான் காரணம். தலை கலைவது போகட்டும், அந்த இரைச்சலில் பின்னால் வரும் லாரியின் ஹாரனே காதில் விழாது.

பக்கக் கண்ணாடிகளை ஏற்றினால் பெரும்பகுதி அடங்கும். மீதியைச் சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்தும் வலைத்தடுப்பு பார்த்துக்கொள்ளும், மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் 1989-லேயே வந்த வசதி. வலையை நிமிர்த்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் பக்கவாட்டில் காற்று புகுந்துவிடும். நான்கு சீட் காரில் பின்னால் ஆள் உட்கார்ந்தால் பெரும்பாலும் வலைக்கே இடமில்லை. நெக்லஸ் ரோட்டில் ஏரியைப் பார்த்து ஊர்ந்து போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டாம். மே மாத வெயிலிலோ, கூரையை மூடி ஏ.சி. போடுவதே புத்திசாலித்தனம்.