உங்களுக்குத் தெரியுமா? சூரியனுக்குக் கொடுத்த அன்பளிப்பு

● ரோம் நகரில், இத்தாலிய நாடாளுமன்றக் கீழவையின் வாசலில் ஒரு சிவப்பு கிரானைட் தூண் நிற்கிறது. ஒற்றைக்கல், சுமார் 22 மீட்டர் உயரம், உச்சி கூர்மையாக இருக்கும். வருகிறவர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு காலத்தில் அது கடிகார முள்ளாக இருந்தது! அகஸ்டஸ் சக்கரவர்த்தி எகிப்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து நகரின் வெளித்திடலில் நட்டார். நண்பகலில் அதன் நிழல் விழும் வடக்குப் பக்கம் தரைக்குக் கல் பாவி, வெண்கலத்தால் கோடு பதித்தார்கள். உச்சிவேளை நிழல் குளிர்காலத்தில் கோட்டின் கடைசிவரை நீளும், கோடையில் தூணை நோக்கிச் சுருங்கும். நிழல் நுனி எந்தக் குறியில் நிற்கிறது என்று பார்த்தால் ஆண்டில் எந்தப் பருவம் என்று தெரிந்துவிடும். கடிகாரம் என்பதைவிடத் தெருவில் விரித்துப் போட்ட நாட்காட்டி என்பதே பொருத்தம்.

● அதன் அடிப்பீடத்தில் லத்தீன் கல்வெட்டு ஒன்று உண்டு. நேரம், நிழல், நாழிகை என்று ஒரு சொல்கூட அதில் கிடையாது. முதலில் மெய்க்கீர்த்தி மாதிரி பட்டங்கள் வரிசையாக வருகின்றன: பேரரசர், தெய்வத்தின் மகன், தலைமைப் பூசாரி, இன்னும் சில. ‘தெய்வம்’ என்றது ஜூலியஸ் சீசரை. இறந்தபின் அவரைத் தெய்வமாக்கிவிட்டார்கள், அகஸ்டஸ் அவருடைய சுவீகாரப் புத்திரர். பட்டங்களுக்குப் பிறகுதான் விஷயமே வருகிறது: எகிப்து ரோம மக்களின் ஆளுகைக்குக் கொண்டுவரப்பட்டதால், இதைச் சூரியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.

இந்தத் தூண் எங்கே இருந்தது தெரியுமா? எகிப்தில் ஹீலியோபொலிஸ் என்ற ஊரில். அந்தக் கிரேக்கப் பெயருக்கே ‘சூரியனின் நகரம்’ என்று பொருள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சம்தீக் என்ற பாரோ எழுப்பிய தூண் அது. அந்த ஊர்ச் சாமியும் சூரியன்தான். சூரியன் கோயில் சொத்தைப் பெயர்த்து எடுத்துவந்து, சூரியனுக்கே தானம் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை என்பார்களே, இது பிள்ளையார் கோயில் தேங்காயையே எடுத்துப் பிள்ளையாருக்கு உடைத்த கதை.

● கல்வெட்டில் ஆண்டு குறிக்கவில்லை. ஆனாலும் கி.மு. 10–9 என்று சொல்லிவிடுகிறார்கள். நம் ஊர்க் கல்வெட்டில் ‘யாண்டு’ பார்த்துக் கணக்குப் போடுவதில்லையா, அதே வித்தைதான். அகஸ்டஸ் 11 முறை கான்சல் என்ற உயர்பதவி வகித்தவர், ட்ரிபியூன் என்ற பதவிக்குரிய அதிகாரம் பெற்று 14ஆவது ஆண்டு என்று கல் சொல்கிறது. அதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்.

● பட்டங்களில் ‘தலைமைப் பூசாரி’ சும்மா வந்து உட்காரவில்லை. ரோமில் நாட்காட்டி பூசாரிகளின் பொறுப்பு. நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் நாள் என்று சீசர் வகுத்துவைத்துப் போக, அவருக்குப் பின் வந்தவர்கள் தப்பாக எண்ணி மூன்று ஆண்டுக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அந்தக் குளறுபடியைச் சரிசெய்தவர் அகஸ்டஸ். தூண் நட்டதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். நாட்காட்டி ஒழுங்காக ஓடுகிறது என்று ஊருக்குக் காட்டவே இந்த ஏற்பாடு என்று சில ஆய்வாளர்கள் சொல்வது நம்பும்படி இருக்கிறது.

● தூணின் உச்சியில் தங்கமுலாம் பூசிய உருண்டை ஒன்றை வைத்தார்கள், அழகுக்காக அல்ல. கூர்முனையின் நிழல் தரைக்கு வருவதற்குள் கலைந்து மங்கிவிடும், உருண்டை வைத்தால் நிழல் திரண்டு விழும். மனிதத் தலையின் நிழலைப் பார்த்து வந்த யோசனை என்று எழுதுகிறார் கி.பி. முதல் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் மூத்த பிளினி.

● அதே பிளினி இன்னொன்றும் சொல்கிறார்: இந்தக் கடிகாரம் சுமார் 30 ஆண்டுகளாகத் தப்பாகக் காட்டுகிறதாம்! சூரியன் பாதை மாறியிருக்கலாம், பூமியே நகர்ந்திருக்கலாம், நிலநடுக்கத்தில் தூண் அசைந்திருக்கலாம், டைபர் ஆற்று வெள்ளத்தில் அடித்தளம் இறங்கியிருக்கலாம் என்று காரணங்களை அடுக்குகிறார். ஆற்றங்கரை ஊரைப் பார்த்தவர்கள் கடைசிக் காரணத்துக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

● தப்பான கடிகாரம் ரோமுக்குப் புதிதல்ல. கி.மு. 263இல் சிசிலித் தீவின் கட்டானியா ஊரைப் பிடித்தபோது அங்கிருந்த சூரியக் கடிகாரத்தைத் தூக்கிவந்து பொதுவிடத்தில் வைத்தார்கள். கட்டானியா ரோமுக்கு வெகு தெற்கே இருக்கிறது. அந்த ஊருக்குப் போட்ட கோடு இந்த ஊருக்குப் பொருந்தாது. இருந்தும் 99 ஆண்டுகள் அதைப் பார்த்தே காலம் தள்ளினார்கள்.

● 1979–80இல் ஜெர்மானிய அறிஞர் எட்மண்ட் புக்னர் ரோமின் வீடுகளுக்கு அடியில் தோண்டி, அந்த நிழல்கோட்டின் ஒரு துண்டைக் கண்டார். கல்தரையில் பதித்த வெண்கல எழுத்துகள், அதுவும் கிரேக்கத்தில். ஓரிடத்தில் ‘கோடை தொடக்கம்’, இன்னோரிடத்தில் ‘எடேசியக் காற்று ஓய்கிறது’ என்று இருந்தது. எடேசியம் என்பது ஏஜியன் கடலில் கோடையில் வீசும் வடகாற்று. ரோமில் நிற்கிறவனுக்கு ஏஜியன் காற்று எதற்கு? அலெக்ஸாண்ட்ரியா வானியலிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள் போலும். அகஸ்டஸ் போட்ட தரைமட்டத்துக்கு ஒன்றரை மீட்டருக்கு மேலே இந்தத் துண்டு கிடந்தது. ஆகவே, பிற்காலத்தில் தரையை உயர்த்தி மறுபடி பதித்தது என்பது புக்னர் கருத்து.

● அங்கே ராசிப் பெயர்களும் இருந்தன: கிரியோஸ் (மேஷம்), தௌரோஸ் (ரிஷபம்), லேயோன் (சிம்மம்), பார்த்தெனோஸ் (கன்னி). எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? வராஹமிஹிரரின் ‘பிருஹத் ஜாதகம்’ இதே ராசிகளுக்கு கிரிய, தாவுரி, லேய, பாதோன என்றும் பெயர் தருகிறது. எல்லாம் கிரேக்கச் சொற்களின் சமஸ்கிருத உரு. ஜோசியம் பார்க்கும் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

● இடைக்காலத்தில் தூண் சரிந்து மண்ணுக்குள் போயிற்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாவிதர் ஒருவர் கக்கூஸுக்குக் குழி தோண்டியபோது பீடம் தட்டுப்பட்டதாகச் சொல்வார்கள். 1748இல் உடைந்த துண்டுகளை வெளியே எடுத்தார்கள். ஒட்டுப்போடக் கல் வேண்டுமே? அந்தோனினஸ் பயஸ் என்ற இன்னொரு சக்கரவர்த்தியின் தூணை அறுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள்! 1792இல் போப் ஆறாம் பயஸ் காலத்தில் இப்போதைய இடத்தில் நிறுத்தினார்கள், பழைய இடத்துக்குப் பக்கத்தில்தான்.

● அகஸ்டஸ் கொண்டுவந்த இன்னொரு எகிப்தியத் தூண் பொபொலோ சதுக்கத்தில் நிற்கிறது. அதிலும் இதே வாசகம். ரோமுக்குப் போனால் படம் எடுத்ததும் நகர்ந்துவிடாமல் பீடத்தின் கடைசி வரியைப் பாருங்கள். ‘ஸோலி தோனும் தெதித்’ என்று இருக்கும். சூரியனுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்.