உங்களுக்குத் தெரியுமா? ‘நல்லது’ என்று யார் சொல்வது?

★ ‘விழுமியம்’ என்று இன்று எழுதுகிறோமே, அதற்கு உறவான ‘விழுமம்’ தொல்காப்பிய உரியியலில் இருக்கிறது. அங்கே அதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள். உயர்வைச் சொல்லும் சொல்லே துன்பத்தையும் சொல்கிறது. உயர்ந்தது எதுவும் பாடுபடாமல் நிற்பதில்லை என்று பழந்தமிழர் கண்டிருப்பார்களோ என நினைத்துக்கொள்வேன்.

★ மதிப்புகளை ஆராயும் மெய்யியல் துறைக்கு மேலை நாடுகளில் ‘ஆக்சியாலஜி’ என்று பெயர். ‘தகுதியுடைய’ என்ற பொருள் தரும் ‘ஆக்சியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கேள்விகள் பிளேட்டோ காலத்தவை. பெயர் மட்டும் புதிது: 1902-இல் பிரெஞ்சுக்காரர் பால் லாப்பியும், 1908-இல் ஜெர்மானியர் எடுவர்ட் ஃபான் ஹார்ட்மனும் தம் நூல்களில் கையாண்ட பிறகே நிலைத்தது.

★ ‘எங்கள் வீட்டில் பெண்கள் கடைசியாகத்தான் சாப்பிடுவார்கள்’ என்பது செய்தி. ‘அதனால் அப்படித்தான் சாப்பிட வேண்டும்’ என்பது தீர்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவது தானாக வந்துவிடாது. நடப்பதைச் சொல்லிக்கொண்டே வந்து, சத்தமில்லாமல் ‘வேண்டும்’ என்று தாவிவிடும் இந்த வழக்கத்தை ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1739–40-இல் வெளிவந்த தம் நூலில் சுட்டிக்காட்டினார். குடும்பச் சண்டையிலும் சட்டமன்றத்திலும் இன்றும் இந்தத் தாவல் நடக்கிறது. கவனித்துப் பாருங்கள்.

★ ‘மஞ்சள்’ என்றால் என்ன என்று வேறு சொற்களால் விளக்கிவிட முடியாது. பார்த்துத்தான் அறிய வேண்டும். ‘நல்லது’ என்பதும் அப்படியே பிரித்துக் காட்ட முடியாதது என்றார் மெய்யியலாளர் ஜி. இ. மூர். ஆண்டு 1903.

★ சில சொற்கள் விவரிக்கும்போதே தீர்ப்பும் சொல்லிவிடும். ‘கொடூரம்’ என்ற சொல்லைப் பாராட்டாகச் சொல்ல முடியுமா? மெய்யியலாளர் பெர்னார்டு வில்லியம்ஸ் 1985-இல் இவற்றை ‘அடர்த்தியான’ கருத்துகள் என்று அழைத்தார். சொல்லுக்குள் தீர்ப்பு ஒளிந்திருப்பது நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. அமங்கலத்தை மங்கலமாகச் சொல்வதைத் தகுதியான வேறு சொல்லால் குறிக்கும் ‘தகுதி வழக்கில்’ ஒன்றாக நன்னூல் வைத்திருக்கிறது. சுடுகாட்டை ‘நன்காடு’ என்பது அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் எல்லா மாற்றமும் மங்கலப் பூச்சு அல்ல. அரசுப் பேருந்தில் இருக்கைக்கு மேலே ‘ஊனமுற்றோர்’ என்றிருந்த இடத்தில் இன்று ‘மாற்றுத்திறனாளிகள்’ என்றிருக்கிறது. முந்தைய சொல் ஒரு மனிதரைக் குறையாகவே அறிமுகப்படுத்தியது. அதை அழித்தது சரியான செயல்.

★ இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில், பாலின முன்முடிவுகளைத் தவிர்க்க ஒரு கையேடு வெளியிட்டது. தீர்ப்பிலும் மனுவிலும் ‘கற்புள்ள பெண்’ என்று எழுதாதீர்கள், ‘பெண்’ என்றாலே போதும் என்கிறது அது. ஒரே ஓர் அடைமொழி, சாட்சி சொல்ல வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

★ ஒரு திரைப்படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொன்ன பேச்சு, ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றியது. 1940-இல் நாஜிகளுக்காக ‘யூத் சூஸ்’ என்ற யூத வெறுப்புப் படத்தை எடுத்தவர் ஃபைட் ஹார்லன். போருக்குப் பிறகு வழக்குகளில் விடுதலையாகி, மறுபடி படம் எடுக்க வந்தார். 1950-இல் ஹாம்பர்க் நகர அரசின் பத்திரிகைப் பிரிவுத் தலைவர் எரிக் லூத், அந்தப் புதிய படத்தைப் புறக்கணிக்கும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். பட நிறுவனங்கள் வழக்குப் போட்டன. இப்படித் தூண்டுவது ‘நல்லொழுக்கத்துக்கு முரண்’ என்று சொல்லி, உரிமையியல் சட்டப்படி ஹாம்பர்க் நீதிமன்றம் அவர் வாயை அடைத்தது. எண்ணிப் பாருங்கள்: வெறுப்புப் படம் எடுத்தவர் பக்கம் நல்லொழுக்கம், எதிர்த்தவர் பக்கம் முரண்! லூத் விடவில்லை. 1958 ஜனவரி 15 அன்று ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமைகள் அரசைத் தடுக்கும் வேலி மட்டுமல்ல, அவை ஒரு விழுமிய ஒழுங்கு. தனியாருக்கு இடையிலான வழக்கிலும் ‘நல்லொழுக்கம்’ போன்ற சொற்களுக்கு அந்த ஒளியில்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. எனக்குத் தெரிந்து மெய்யியலும் மொழியும் சட்டமும் இவ்வளவு நெருக்கமாகச் சந்தித்த வழக்கு வேறில்லை.

★ அதே ஜெர்மன் நீதிமன்றம் 2006-இல் ஒரு சட்டப்பிரிவை ரத்து செய்தது. கடத்தப்பட்ட பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்த அனுமதித்த பிரிவு அது. தரையில் இருப்போரைக் காப்பாற்ற, விமானத்தில் இருக்கும் குற்றமற்றவர்களை வெறும் பொருளாக நடத்தக் கூடாது. அது மனித மாண்புக்கு விரோதம் என்பது காரணம். உயிர்களை எண்ணிக் கூட்டிக் கழிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

★ ஜெர்மன் அரசியலமைப்பில் சில கொள்கைகளைத் திருத்தவே முடியாது. அந்த எண்ணத்தை முன்வைத்து 1965-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் டீட்ரிக் கான்ராட் என்ற ஜெர்மன் அறிஞர் உரையாற்றினார். 1973-இல் நம் உச்ச நீதிமன்றம் கேசவானந்த பாரதி வழக்கில் தந்த தீர்ப்பில் அவர் கருத்து எடுத்தாளப்பட்டது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் சிதைக்க முடியாது என்ற கோட்பாடு, 13 நீதிபதிகளில் 7 பேர் ஆதரவால், ஒரே வாக்கு வித்தியாசத்தில் நமக்குக் கிடைத்தது.

★ அரசியலமைப்பு அறம் தானாக முளைக்கும் உணர்வல்ல, வளர்த்தெடுக்க வேண்டியது என்று 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். ஊரின் பெரும்பான்மைக் கருத்து ஒன்று, அரசியலமைப்பின் அறம் வேறு என்ற வேறுபாட்டை எடுத்துக்கொண்டுதான், வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் ஒருபால் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஐந்து நீதிபதிகளும் அந்த முடிவில் ஒன்றாக நின்றனர்.