களஞ்சியத் தானியமும் புகையூட்டலும்

பயிரைக் காப்பதற்கு எமது உழவர் படும் பாடு யாவரும் அறிந்ததே. விதைத்த நாள் தொடக்கம் சூடு மிதிக்கும் நாள் வரையும் வெள்ளத்துக்கும் வரட்சிக்கும், பன்றிக்கும் பறவைக்கும் அஞ்சி அவர்கள் கண்விழித்திருக்கின்றனர். நெல் வீடு வந்து சேர்ந்ததும் கவலை தீர்ந்தது என எண்ணுவது இயல்பு. ஆனால், காலபோக நெல்லை மாசியிற் சேர்த்துவைத்த ஒருவர் ஆவணியில் மூட்டையை அவிழ்க்கும்போது, துளைபட்டு, மா உதிர்ந்து, நிறையும் குறைந்து கிடக்கும் மணிகளைக் காண நேரிடுகிறது. வயலில் நேரும் இழப்பிலும் இது கொடியது. ஏனெனில் நீரும் பசளையும் கூலியும் உழைப்பும் முற்றாகச் செலவான பின்னர் நேரும் இழப்பு இது.

இதற்குக் காரணமான பகைவர் உருவத்திற் சிறியர். யானையின் துதிக்கையைப் போன்று முன்னே நீண்ட மூக்கையுடைய அரிசி வண்டு அவர்களுள் ஒருவர். பெண் வண்டு அந்த மூக்கினாலே தானிய மணியில் நுண்ணிய குழியொன்றைக் குடைந்து, அதனுள் ஒரு முட்டையை இட்டு, பசைபோன்ற பொருளால் வாயிலை அடைத்துவிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி மணியின் உள்ளீட்டைத் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின் முதிர்ந்த வண்டாக மணியைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஒரு வண்டு தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடவல்லது.

நெல்லைப் பொறுத்தவரையில் அந்துப்பூச்சியும் பெரும் பகையாகும். இதன் குடம்பியும் மணிக்குள்ளேயே வாழ்கிறது. பிரான்சு தேசத்தின் அங்கூமுவா மாகாணத்திலே கோதுமையை இப்பூச்சி பாழாக்கியபோது, அதனை ஆராயும்படி 1760ஆம் ஆண்டில் துயமேல், தில்லே என்னும் இரு அறிஞர்கள் அனுப்பப்பட்டார்கள். இன்றும் ஆங்கிலத்தில் அப்பூச்சி அம்மாகாணத்தின் பெயராலேயே வழங்குகின்றது.

மேலே கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகும். நாம் சுளகிற் புடைக்கும்போது காண்கின்ற வண்டுகள், மணிக்குள் தங்கள் வளர்ச்சியை முடித்துக்கொண்டு வெளியே வந்தவை. முட்டைகளும் குடம்பிகளும் கூட்டுப்புழுக்களும் நம் கண்ணுக்குத் தப்பி உள்ளே இருக்கின்றன. புடைத்தாலும் அரித்தாலும் அவை போவதில்லை. வண்டை நீக்கிவிட்டோம் என்று மூட்டையைக் கட்டிவைத்தால், அடுத்த மாதம் புதிய தலைமுறையொன்று புறப்பட்டு வருகிறது. ஒவ்வொரு மணியின் உள்ளும் நுழைந்து, தன் வேலையை முடித்து, பின்பு தானியத்தை விட்டு அகலக்கூடிய ஒன்றே இங்கு வேண்டப்படுகின்றது. அத்தகையது வாயு ஒன்றேயாகும். இவ்வாறு வாயுவினாற் பூச்சிகளை ஒழிக்கும் முறையையே புகையூட்டல் என்கிறோம்.

இப்பெயர் சிறிது மயக்கந் தரக்கூடியது. புகை என்றதும் நமக்கு அடுப்புப் புகையே நினைவுக்கு வரும். அடுப்புக்கு மேலே பரணமைத்து, விதைகளையும் சோளப்பொத்திகளையும் அதில் வைத்த நம் முன்னோர் நல்ல பயன் கண்டனர். அங்கே வெப்பம் ஈரத்தைப் போக்கியது. புகை பூச்சிகளை அணுகவிடாது தடுத்தது. களஞ்சியப் புகையூட்டலிலோ கண்ணுக்குத் தெரியும் புகை எதுவுமில்லை. நிறமற்ற நச்சு வாயுவொன்றே அங்கே தொழிற்படுகிறது. காணமுடியாததாய் இருத்தலே அதன் அபாயமுமாகும்.

இன்று உலகெங்கும் மிகுதியாகப் பயன்படுவது பொஸ்பீன் என்னும் வாயு. அலுமினியம் பொஸ்பைட்டு என்ற சேர்வையை வில்லைகளாகச் செய்து, காற்றுப் புகாத கொள்கலன்களில் விற்கின்றார்கள். வில்லை வெளியே எடுக்கப்பட்டதும் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்ல வாயுவை விடுகிறது. 3 கிராம் நிறையுள்ள வில்லையிலிருந்து ஏறத்தாழ 1 கிராம் பொஸ்பீன் வெளிப்படும். பெருங்களஞ்சியங்களில் மூட்டைகளை ஒழுங்காக அடுக்கி, வாயு கசியாத விரிப்பினால் முழு அடுக்கையும் மூடி, விரிப்பின் ஓரங்கள் நிலத்தோடு படியும்படி நீண்ட மணற்பைகளைச் சுற்றிலும் வைக்கின்றார்கள். வில்லைகள் தட்டுக்களில் வைக்கப்பட்டு உள்ளே இடப்படுகின்றன.

இதன்பின் வேண்டுவது பொறுமை. முதிர்ந்த வண்டு விரைவில் மடிந்துவிடும். ஆனால் முட்டையும் கூட்டுப்புழுவும் எளிதில் மடியா. அவை குறைவாகச் சுவாசிப்பதால் நஞ்சையும் குறைவாகவே ஏற்கின்றன. எமது நாட்டைப் போன்ற வெப்பமான இடங்களிலும் ஏறக்குறைய ஒரு வாரம் விரிப்பை நீக்காதிருத்தல் நன்று. குளிர் நாடுகளில் இன்னும் கூடிய காலம் வேண்டும். இரண்டாம் நாளே விரிப்பைத் தூக்கிப் பார்த்து, வண்டுகள் செத்துக் கிடப்பதைக் கண்டு மகிழ்கின்றவர் உண்மையிற் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

இந்தப் பாதி வேலையே இன்று பெருந் தொல்லையாகி வருகிறது. கிழிந்த விரிப்பு, இடைவெளியுள்ள சுவர், அவசரம் ஆகியவற்றால் வாயு கசிந்து போகுமிடத்து, வலிய பூச்சிகள் சில தப்பிப் பிழைத்துத் தம்மைப் போன்ற சந்ததியைப் பெருக்குகின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1972, 1973ஆம் ஆண்டுகளில் உலகின் பல பாகங்களிலிருந்தும் பூச்சிகளைச் சேகரித்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பத்து மாதிரிகளில் ஒன்று பொஸ்பீனைத் தாங்கும் ஆற்றலைக் காட்டிற்று. அடுத்த பத்தாண்டில் வங்காளதேசத்துக் களஞ்சியங்களிற் புகையூட்டியும் பூச்சி ஒழியாத நிலை கண்டறியப்பட்டது. அதன்பின் இந்தியா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இவ்வாற்றல் வலுத்துள்ளது.

ஒரு மருந்து பயன்படாவிட்டால் வேறொன்றை நாடலாமே என்று சிலர் கேட்கலாம். முன்னர் மெதைல் புரோமைட்டு என்னும் வாயு கைகொடுத்தது. அது ஒரு நாளிலேயே வேலையை முடிக்கவல்லது. ஆனால் அது வானிலே உயர்ந்து, சூரியனின் தீய கதிர்களிலிருந்து உயிர்களைக் காக்கும் ஓசோன் படையை அழிக்கின்றதென்பது தெளிவாயிற்று. ஆகவே 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் 1992இல் அதுவும் சேர்க்கப்பட்டது. முன்னேறிய நாடுகள் 2005ஆம் ஆண்டளவிலும் ஏனைய நாடுகள் 2015ஆம் ஆண்டளவிலும் அதன் பொதுப் பயன்பாட்டை நிறுத்துவதென முடிவாயிற்று. ஏற்றுமதி இறக்குமதித் தடைகாப்புப் போன்ற சில தேவைகளுக்கே விலக்கு உண்டு. எனவே எம்மிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் பொஸ்பீன் ஒன்றே. அதனையும் கவனக்குறைவினால் வலுவிழக்கச் செய்தால், எதிர்காலச் சந்ததியாரின் உணவுக் களஞ்சியத்துக்கு யாது காவல்?

இனி, வீடுகளைப் பற்றிச் சில வார்த்தைகள். இவ்வில்லைகள் வீட்டுக்குரியவை அல்ல. குடும்பத்தார் படுத்துறங்கும் அறையின் மூலையில் நெல்மூட்டைகளை அடுக்கி, அவற்றினிடையே வில்லையை வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். உள்ளிப்பூண்டின் மணமோ அழுகிய மீனின் மணமோ எச்சரிக்கும் என்று நம்பியிருத்தலும் தவறு; மணம் தோன்றாமலே வாயு இருத்தல் கூடும். நஞ்சுண்டவருக்கு இதனை முறிக்கும் மாற்றுமருந்தும் இல்லை. 2017ஆம் ஆண்டு சனவரி மாதம் அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்து அமரில்லோ நகரில், எலிகளை ஒழிப்பதற்காக ஒரு வீட்டின் கீழே இடப்பட்ட இம்மருந்தைக் கழுவ எண்ணி நீர் பாய்ச்சியபோது, வாயு மிகுந்து வெளிப்பட்டு நான்கு பிள்ளைகள் உயிரிழந்தனர். எமது நாட்டில் இத்தகைய பொருட்களின் விற்பனையும் பாவனையும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு அமைந்தவை. பயிற்சி பெற்றவர், தக்க முகமூடியணிந்து, ஆட்கள் வசியாத களஞ்சியத்திற் செய்யவேண்டிய பணி இது. பணி முடிந்ததும் களஞ்சியத்தைத் திறந்து நன்கு காற்றோட விட்டு, வாயு நீங்கியதைக் கருவியாற் சோதித்த பின்னரே உள்ளே செல்லுதல் வேண்டும்.

அப்படியானால் வீட்டிலுள்ளோர் என் செய்வது? முதலாவது, நெல்லை நன்கு உலர்த்துதல். பல்லிற் கடித்தால் நொறுங்கி உடையும் வரை காயவைக்கும் நம் பெரியோர் வழக்கம் பொருளுடையது. ஈரலிப்பு 14 வீதத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. இரண்டாவது, பழைய சாக்குகளையும் களஞ்சியத்தின் மூலை முடுக்குகளையும் துப்புரவு செய்தல். புதுநெல்லுக்குப் பூச்சி பெரும்பாலும் பழைய நெல்லிலிருந்தே வருகிறது. சிங்களக் கிராமங்களிலே ‘வீ பிஸ்ஸ’ எனப்படும் நெற்கூட்டைக் கற்களின்மேல் உயர்த்தி, களிமண் பூசிக் கட்டியது இவ்விரு நோக்கங்களுக்கும் உதவிற்று. மூன்றாவது, இக்காலத்தில் கிடைக்கும் காற்றுப் புகாத பைகளைப் பயன்படுத்துதல். நன்கு காய்ந்த தானியத்தை அவற்றில் இட்டு இறுகக் கட்டினால், உள்ளேயுள்ள பூச்சிகள் தாமே ஒட்சிசனைச் சுவாசித்துத் தீர்த்து, மூச்சின்றி மடிகின்றன. நஞ்சு எதுவும் வேண்டுவதில்லை. ஈரநெல்லை அவ்வாறு கட்டினால் மாத்திரம் பூஞ்சணம் பிடித்துப் பாழாகிவிடும். பாடசாலைகளிற் பிள்ளைகளின் பகலுணவுக்கென வைக்கப்படும் அரிசிக்கும் பயறுக்கும் இம்முறை மிகவும் ஏற்றது.

முடிவாக ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும். புகையூட்டல் உள்ளேயிருக்கும் பூச்சியைக் கொல்லும்; நாளை வரும் பூச்சியைத் தடுக்காது. வாயு அகன்ற மறுகணமே தானியம் மீண்டும் காவலற்றதாகிறது. மருந்து நோயைத் தீர்க்கலாம். சுகத்தைப் பேணுவது அன்றாட ஒழுக்கமே. களஞ்சியத்துக்கும் இது பொருந்தும். உலர்த்தி, துப்புரவாக்கி, மாதமொருமுறை மூட்டையைத் திறந்து பார்ப்பவரின் நெல்லுக்குப் பெரும்பாலும் புகையே வேண்டியிராது.