கோடைக் கரண்ட் பில்: குறைக்க வழி உண்டு, கேட்க உரிமையும் உண்டு

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை எனப் புதுச்சேரியின் உழவர்கரை முழுவதும் இரவெல்லாம் ஏசி ஓடுகிறது. அடுத்த மாதம் வரும் கரண்ட் பில்லைக் கட்ட, மளிகைக்கு வைத்த பணத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையைக் குறைக்கலாம். பில் தவறென்றால் சட்டப்படி கேட்கவும் செய்யலாம்.

பில் ஏன் எகிறுகிறது?

புதுச்சேரியில் வீட்டு மின்சாரத்துக்கு முதல் 100 யூனிட், 101 முதல் 200, 201 முதல் 300, 300-க்கு மேல் என நான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை கூடும். விலையை நிர்ணயிப்பது இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 350 யூனிட் ஓட்டுபவர் 50 யூனிட்டைக் குறைத்தால், அந்த 50-ம் மிக உயர்ந்த விலைப்படியிலிருந்தே கழிகிறது. கோடையில் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். எனவே மாதத்தின் நடுவில் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். எந்தப் படியை நெருங்குகிறீர்கள் என்று தெரியும்.

எங்கே குறைப்பது?

முதலில் ஃபேன். பழைய ஃபேன் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் மாதம் 20 யூனிட் மிச்சம்.

அடுத்து ஏசி. வெப்பநிலையை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் குறையும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 20-க்குப் பதில் 25 அல்லது 26-ல் வைத்து, கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இங்கே அவ்வளவாகக் குளிர்ச்சி தராது. அதில் பணம் போடும் முன் யோசியுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் மேற்கு ஜன்னலுக்குத் திரையும் ஏசியின் வேலையைக் குறைக்கும்.

ஆபத்தை விலைக்கு வாங்காதீர்கள்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏசி போடவே கூடாது. ஒயர் சூடேறித் தீப்பிடிக்கலாம். ஏசிக்குத் தனி லைன், தனி எம்சிபி (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), சரியான எர்த் வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பொருத்துங்கள். உயிர் காப்பது அதுதான்.

பில் தவறென்றால்?

மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. மீட்டர் ரீடிங் உண்மைப் பயன்பாட்டோடு பொருந்தவில்லை என்று புகார் தந்தால், 5 நாளுக்குள் கூடுதல் மீட்டர் பொருத்தி, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது 2024 திருத்தம். ரீடிங் எடுக்காமல் தோராயமாகப் போடும் பில், ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் கூடாது.

மின்சாரச் சட்டம் 2003-ன் 56-வது பிரிவின்படி, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் 15 முழு நாள் அவகாசம் தந்து எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பில்லில் தகராறு இருந்தால், கேட்கும் தொகை அல்லது முந்தைய 6 மாதச் சராசரி, இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது.

புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மீட்டரைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மின்துறை அலுவலகத்தில் தீராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர் என மேல்முறையீட்டு வழி இருக்கிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் ஒன்றை அறிய வேண்டும். அதே சட்டத்தின் 43-வது பிரிவு, இணைப்பு கேட்கும் உரிமையை உரிமையாளருக்கு மட்டுமன்றி வீட்டில் குடியிருப்பவருக்கும் தருகிறது. யூனிட்டுக்கு ஒரே விலை என்று வீட்டுக்காரர் வசூலித்தால், தனி மீட்டர் கேளுங்கள்.

சொந்த மொட்டை மாடி இருந்தால் 2024-ல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தைப் பாருங்கள். 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் என்று அத்திட்டம் அறிவித்தது.

இன்றே உங்கள் மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் செலவைக் குறைக்கவும் முடியும், தவறான பில்லைத் தட்டிக் கேட்கவும் முடியும்.