இருமலுக்கு எங்கே, நெஞ்சுவலிக்கு எங்கே?

சாதாரண இருமலுக்கும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்பவர்கள் பலர். வெளிநோயாளர் பிரிவு வரிசையில் அரைநாள் போகும். கூலித் தொழிலாளிக்கு அன்றைய சம்பளமும் போகும். இருமல், சிறுகாயம் போன்றவற்றுக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையே போதும். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் உள்ளவர்களுக்கு அங்கேயே கிளினிக்கும் நடக்கும். இரண்டும் இலவசம்.

கர்ப்பம், குழந்தைகளின் தடுப்பூசி என்றால் முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள்.

காய்ச்சல் இரண்டு நாட்களைத் தாண்டினால் வைத்தியரைக் கண்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்; டெங்குவாக இருக்கலாம். பரசிற்றமோல் எடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம். அவை இரத்தக்கசிவை அதிகரிக்கும்.

நெஞ்சுவலி, திடீரென ஒருபக்கக் கைகால் செயலிழத்தல், பாம்புக்கடி, பெரிய விபத்து ஆகியவற்றில் ஓட்டோ தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். 2018 முதல் வடக்கிலும் இயங்கும் இச்சேவைக்குக் கட்டணமில்லை. சிகிச்சை வண்டியிலேயே தொடங்கிவிடும்.

மனம் தாங்கமுடியாமல் தவித்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

இந்த இரண்டு இலக்கங்களையும் இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் ஞாபகம் வராது.