கோழிக்குஞ்சின் கால் கோணியிருந்தால் என்ன செய்வது?

மாணவர்களே, மலாக்காவில் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த பிறகும் கோழி வளர்ப்பை விடாத குடும்பங்கள் பல உண்டு. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் உங்கள் தாத்தா பாட்டி வீட்டுக் கொல்லையிலும் நாலைந்து நாட்டுக்கோழிகள் மேயலாம். சிலர் தாய்க்கோழியை அடை வைக்கிறார்கள். சிலர் பல்பு பொருத்திய பெட்டியில் பொரிக்க வைக்கிறார்கள். எப்படி வைத்தாலும், 21ஆம் நாள் வெளிவரும் குஞ்சுகளில் ஒன்றிரண்டு எழுந்து நிற்க முடியாமல் தவிப்பதுண்டு. “இது தேறாது” என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடலாம். ஆனால், காரணம் தெரிந்து உடனே கவனித்தால் இவற்றில் பல குஞ்சுகள் ஓடியாடும்.

முதல் மூன்று நாள் ஏன் முக்கியம்?

பொரிப்பதற்குச் சற்று முன், முட்டையில் மிஞ்சிய மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. இரண்டு மூன்று நாள்களுக்கு அதுவே உணவு. அதன்பின் குஞ்சு தானாக நடந்து போய்த் தீனி கொத்த வேண்டும். நிற்க முடியாத குஞ்சு பெரும்பாலும் கால் வலியால் இறப்பதில்லை; பசியாலும் தாகத்தாலும் இறக்கிறது. இதே நாள்களில் அதன் எலும்பும் தசைநாணும் இளசாக இருப்பதால் கால் எளிதில் நேராகும். நாள் தள்ளத் தள்ள வாய்ப்புக் குறையும்.

வைத்தியத்துக்கு முன் குஞ்சை நன்றாகப் பாருங்கள். காலின் நடுவில் பின்னோக்கி மடங்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது உண்மையில் குதிகால் மூட்டு. முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கோழி எப்போதும் விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி.

1. கால் விரிந்த குஞ்சு

இரண்டு கால்களும் பக்கவாட்டில் விலகி, குஞ்சு வயிற்றால் தரையில் படுத்துக் கிடக்கும். வழுக்கும் தரை இதற்கு முக்கியக் காரணம். செய்தித்தாள் விரித்த பெட்டியில் குஞ்சின் கால்கள் பிடிப்பில்லாமல் சறுக்கும். பொரிப்பான் பெட்டியில் வெப்பம் கூடிப்போவதும் காரணமாகலாம்.

ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியை எடுத்து, அதன் நடுவிலுள்ள பஞ்சு இரு கால்களுக்கும் இடையில் வருமாறு வையுங்கள். ஒட்டும் முனைகளைக் குதிகால் மூட்டுக்குக் கீழே, விரல்களுக்கு மேலே சுற்றி ஒட்டுங்கள். இடைவெளி, நலமான குஞ்சு நிற்கும்போது இருப்பதைப் போல, ஏறக்குறைய 2.5 செ.மீ. இருந்தால் போதும். இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைபடும். விரல் வீங்கினால் உடனே அவிழ்த்துவிடுங்கள். குஞ்சு வேகமாக வளர்வதால் தினமும் கழற்றிப் பார்த்து மாற்றிக் கட்டுங்கள். கீழே சொரசொரப்பான துணியை விரியுங்கள். பெரும்பாலும் சில நாள்களில் குஞ்சு தானாக நிற்கத் தொடங்கும்.

2. விரல் மடங்கிய குஞ்சு

பொரித்த அன்றே விரல் வளைந்திருந்தால், முட்டைக்குள் இடநெருக்கடியில் அது அப்படி மடங்கியிருக்கலாம். மெல்லிய அட்டையில் பாத அளவுக்கு ஒரு ‘செருப்பு’ வெட்டி, விரல்களை நேராக்கி, அதன்மேல் டேப்பால் ஒட்டிவிடுங்கள். ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும்.

முதலில் நன்றாக நடந்த குஞ்சுகள் இரண்டாம் வாரத்தில் விரலை உள்நோக்கி மடக்கிக்கொண்டு குதிகாலால் நகர்ந்தால், அது வேறு செய்தி. உணவில் பி2 வைட்டமின் போதவில்லை. இந்தச் சத்து இல்லாவிட்டால் காலுக்குப் போகும் நரம்பின் உறை கெடுகிறது. இதற்குச் செருப்பு உதவாது. உணவைத்தான் மாற்ற வேண்டும். குஞ்சுத் தீனி, வேகவைத்த முட்டை, பொடியாக நறுக்கிய கீரை ஆகியவற்றில் பி2 உண்டு. நரம்பு முற்றிலும் கெட்டுவிட்டால் மீட்க முடியாது.

3. நாண் விலகிய குஞ்சு

குதிகால் மூட்டு வீங்கி, கால் வெளிப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். மூட்டின் பின்புறம் ஓடும் தசைநாண் தன் பள்ளத்திலிருந்து நழுவிவிட்டது என்று பொருள். மங்கனீசு, கோலின் போன்ற சத்துகளின் குறைவு முக்கியக் காரணம். இதை நீங்களே இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள். குஞ்சுக்கு வலி அதிகம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெள்ளை அரிசியும் கோழிக் காலும்

உணவால் கால் விழுமா என்று கேட்கிறீர்களா? உலகுக்கு வைட்டமினை அடையாளம் காட்டியதே கோழியின் கால்தான். 1890களில், ஜாவாவின் பத்தாவியாவில் (இன்றைய ஜக்கார்த்தா) கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தம் ஆய்வுக்கோழிகள் தள்ளாடி விழுவதைக் கண்டார். அவை தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு தின்றவை. தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் தேறின. இவை இழந்திருந்தது பி1 வைட்டமின். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இன்னொன்றைக் கவனித்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே கால் மரத்துப்போகும் பெரிபெரி நோய் பரவியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பினர். இதை அவர் 1907இல் நூலாக வெளியிட்டார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னர் தெளிவானது. அன்று நம் தோட்டத்துப் பாட்டன்களின் காலைக் காத்தது அவர்கள் சாப்பிட்ட சோறு.

ஆகவே, பெட்டியில் அடைத்த குஞ்சுக்கு வெறும் வெள்ளை நொய்யரிசி மட்டும் போடாதீர்கள். தாயோடு மேயும் குஞ்சு புழு, பூச்சி, புல் என்று பலவற்றையும் கொத்தும். அடைபட்ட குஞ்சுக்கு நீங்கள் போடுவதுதான் உணவு.

கவனிக்க வேண்டியவை

• காலில் கட்டுப் போட்ட குஞ்சை மற்றவை கொத்தும். தனியே வையுங்கள், ஆனால் துணையின் சத்தம் கேட்கட்டும்.

• முதல் வாரம் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை.

• ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள். நிற்க முடியாத குஞ்சு தண்ணீரில் மூழ்கிவிடும்.

• ஒவ்வொரு முறையும் தொட்ட பின் சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். குஞ்சுகளிடமிருந்து சால்மொனெல்லா கிருமி பரவலாம்.

எல்லாக் குஞ்சையும் காப்பாற்ற முடியாது. நான்கைந்து நாள் கவனித்தும் உண்ணாமல் துன்பப்பட்டால் கால்நடை மருத்துவரின் ஆலோசனையைக் கேளுங்கள். ஒரே கோழியின் குஞ்சுகள் மீண்டும் மீண்டும் கால் கோணிப் பொரித்தால், பரம்பரைக் குறையாக இருக்கலாம். அதன் முட்டைகளை அடை வைக்காதீர்கள். அடுத்த முறை ஒரு குஞ்சு விழுந்து கிடந்தால், தரையா, வெப்பமா, உணவா என்று முதலில் கேளுங்கள். கட்டுப் போடுவது அதற்குப் பிறகு.